வங்கி விதிகளை எழுதுவது யார்?

வங்கிகள் தொடர்பான மசோதா விவாதத்துக்கு வரும் நாள்களில் மக்களவையின் இருக்கைகளில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். உரமானியத்துக்கும் பெட்ரோல் விலைக்கும் அதிரும் அவை, மூலதன விகிதம், வாக்குரிமை உச்சவரம்பு, இடர் ஒதுக்கீடு என்ற சொற்களைக் கேட்டதும் அமைதியாகிவிடுகிறது. உட்பிரிவுகளைப் படித்துவிட்டுப் பேசும் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த உட்பிரிவுகளில்தான் கோடிக்கணக்கான மக்களின் சேமிப்பு இருக்கிறது.

ஆனால், உறுப்பினர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வங்கிகளை ஆளும் விதிகளில் மிகச் சிறு பகுதியே நாடாளுமன்றத்துக்கு வருகிறது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 35ஏ பிரிவின் கீழ், பொதுநலன் கருதி வங்கிகளுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்கு அளித்திருக்கிறது. அந்த உத்தரவுகளை அவையில் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மும்பையிலிருந்து மாலை வேளையில் வெளியாகும் ஒரு சுற்றறிக்கை, மறுநாள் காலை நாட்டின் அத்தனை வங்கிக் கிளைகளையும் கட்டுப்படுத்தும். இப்படிச் சேர்ந்துபோன 9,000-க்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகளை 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி 244 தொகுப்பு வழிகாட்டுதல்களாகச் சுருக்கியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒரு சிறு புத்தகம் என்றால், அதன் பெயரால் எழுதப்பட்ட விதிகள் ஒரு நூலகம்.

அந்த நூலகத்தை எழுதும் கைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

அண்மைக்கால உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். 2024 மே 3 அன்று ரிசர்வ் வங்கி ஒரு வரைவை வெளியிட்டது. மின் நிலையம், நெடுஞ்சாலை, துறைமுகம் போன்ற பெருந்திட்டங்களுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனில், கட்டுமானக் காலம் முடியும்வரை 5 சதவீதத்தை இழப்புக்கான ஒதுக்கீடாகத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்றது அந்த வரைவு. அதுவரை இருந்த அளவு பொதுவாக 0.4 சதவீதம். அதாவது, 100 கோடி ரூபாய்க் கடனுக்கு 40 லட்சம் ஒதுக்கிய வங்கி இனி 5 கோடி ஒதுக்க வேண்டும். அடுத்த வர்த்தக நாளிலேயே பங்குச் சந்தையில் பொதுத்துறை வங்கிகளின் விலையும், மின் துறைக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனங்களின் விலையும் சரிந்தன. பதின்மூன்று மாதங்கள் கழித்து, 2025 ஜூன் 19 அன்று இறுதி விதி வெளியானபோது 5 சதவீதம் 1 சதவீதமாகியிருந்தது. வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் 1.25 சதவீதம்.

இந்தக் குறைப்பு தவறு என்று சொல்ல வரவில்லை. 5 சதவீதம் கடுமையானது, உள்கட்டமைப்புக் கடனின் வட்டியை உயர்த்திவிடும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கக்கூடும். வரைவு குறித்து வங்கிகள், நிதி நிறுவனங்கள், தொழில் அமைப்புகள், சட்ட நிறுவனங்கள், கல்வியாளர்கள், தனிநபர்கள், மத்திய அரசு என ஏறத்தாழ 70 தரப்புகளிடமிருந்து கருத்து வந்ததாக ரிசர்வ் வங்கியே தெரிவித்தது. எந்தத் தரப்பு எதைக் கேட்டது, எந்த வாதம் எதற்காக ஏற்கப்பட்டது என்பதைத் தரப்புவாரியாக அறிய வழியில்லை என்பதே குறை. கடன் வாங்குபவரும் கொடுப்பவரும் கருத்துச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடன் மூழ்கினால் இழப்பைச் சுமக்கப்போகும் வரிசெலுத்துவோர் சார்பில் எத்தனை கடிதங்கள் சென்றன?

இந்தச் சுமை கற்பனையானதல்ல. 2018 மார்ச் இறுதியில் நாட்டின் வணிக வங்கிகளுடைய மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியது. பெருங்கடன்களில் கணிசமானவை 2006-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட உற்சாகக் காலத்தில், திட்டங்களைச் சரிவர ஆராயாமல் கொடுக்கப்பட்டவை என்று முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவுக்கு 2018-இல் அனுப்பிய குறிப்பில் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் எழுதினார். 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளுக்கு மத்திய அரசு செலுத்திய மறுமூலதனம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். விதி தளர்ந்தபோது கேட்டுப் பெற்றவர்கள் சிலர். விளைவு வந்தபோது கட்டணம் செலுத்தியவர்கள் அனைவரும்.

செல்வாக்கு என்றவுடன் பெட்டியும் பணமும் நினைவுக்கு வருவது இயல்பு. வங்கி ஒழுங்குமுறையில் அது இயங்கும் விதம் பெரும்பாலும் அப்படியல்ல. இங்கே நாணயம் தகவல்தான். ஒரு விதியால் எந்த வங்கியின் மூலதனம் எவ்வளவு குறையும் என்ற கணக்கு வங்கிகளிடம்தான் இருக்கிறது. ஒழுங்குமுறை அதிகாரி அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கணக்கைக் கொடுப்பவர், அதனோடு தன் வாதத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். 1946-இல் தொடங்கப்பட்ட இந்திய வங்கிகள் சங்கம், சட்டப்படி ஓர் அரசு அமைப்பு அல்ல. வங்கிகளின் தன்னார்வச் சங்கம் மட்டுமே. ஆனால் ரிசர்வ் வங்கியும் நிதியமைச்சகமும் வங்கிகளின் கருத்தை அறிய விரும்பும்போது முதலில் அழைப்பது அதைத்தான். பந்திக்கு முந்து என்ற பழமொழியை வங்கித் துறையும் தொழில் சபைகளும் நன்கு அறிந்து வைத்திருக்கின்றன.

2025 ஆகஸ்டில், ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தைக் கையகப்படுத்த வங்கிகள் கடன் தர அனுமதிக்க வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கியின் தலைவர் பொதுமேடையில் கோரிக்கை வைத்தார். பல ஆண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த கதவு அது. அக்டோபர் 1 அன்று ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதியளிக்கும் முடிவை அறிவித்தது. இடைவெளி இரண்டு மாதத்துக்கும் குறைவு. இதை நல்ல முடிவு என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சாமானிய வாடிக்கையாளரின் கோரிக்கைக்கு இந்த வேகம் கிடைத்ததுண்டா? வீட்டுக்கடன் வட்டியை வங்கிகள் தம் விருப்பப்படி நிர்ணயிக்காமல் வெளிப்படையான அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்குழு 2017-இல் பரிந்துரைத்தது. 2018 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2019 ஏப்ரலில் அமலாக வேண்டியது தள்ளிப்போடப்பட்டது. ஒருவழியாக 2019 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. ரெப்போ வட்டி குறையும்போது மாதத் தவணை குறையாமல் இருந்ததற்கான விலையை அந்த இரண்டு ஆண்டுகளும் கடன்தாரர்கள் கொடுத்தார்கள்.

விதி வெளியான பிறகும் அதை மாற்றும் வழிகள் பல உண்டு என்பதைக் காட்டியது 2018 பிப்ரவரி 12 சுற்றறிக்கை. தவணை ஒரு நாள் தவறினாலும் அதைக் கவனத்தில் கொள்ள வேண்டும், 2,000 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனுக்கு 180 நாள்களுக்குள் தீர்வு காண வேண்டும், இல்லையேல் நிறுவனத்தைத் திவால் சட்ட நடவடிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்றது அது. மின் உற்பத்தி நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. நிலக்கரி கிடைக்கவில்லை, மின் வாரியங்கள் பணம் தருவதில்லை, இதற்கெல்லாம் நாங்கள் எப்படிப் பொறுப்பு என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் உண்மையும் இருந்தது.

அவர்கள் தட்டிய கதவுகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நாடாளுமன்றம். எரிசக்தித் துறைக்கான நிலைக்குழு 2018 மார்ச்சில் தாக்கல் செய்த அறிக்கை, 34 அனல்மின் திட்டங்களின், சுமார் 40,000 மெகாவாட் திறனின் நெருக்கடியை விவரித்து, மின் துறையின் சிறப்புச் சூழலைக் கருதாமல் ஒரே அளவுகோலை ரிசர்வ் வங்கி பயன்படுத்துவதைக் குறைகூறியது. அடுத்து அலாகாபாத் உயர்நீதிமன்றம். ஆகஸ்டில் அது இடைக்காலத் தடை தர மறுத்தாலும், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி அரசு ஆலோசனை நடத்தலாம் என்ற வாசலைத் திறந்துவிட்டது. ஆளுநருடன் கலந்து, பொதுநலன் கருதி ரிசர்வ் வங்கிக்கே உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கும் பிரிவு அது. அதுவரை தூசி படிந்து கிடந்தது. அதே நேரத்தில் அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஓர் உயர்நிலைக் குழு அமைந்தது. கடைசியில் உச்சநீதிமன்றம். செப்டம்பரில் தற்போதைய நிலை தொடர உத்தரவிட்டு, 2019 ஏப்ரல் 2 அன்று சுற்றறிக்கையையே அது ரத்து செய்தது. குறிப்பிட்ட கடன்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரத்தோடு மட்டுமே திவால் உத்தரவு பிறப்பிக்க முடியும். ஒட்டுமொத்தமாகப் பிறப்பிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கின் தலைப்பில் இடம்பெற்ற பெயர் மின் நிறுவனமல்ல. சென்னையைச் சேர்ந்த தரணி சுகர்ஸ்.

நாடாளுமன்றக் குழு, உயர்நீதிமன்றம், அமைச்சரவைச் செயலகம், உச்சநீதிமன்றம் என்று பதினான்கு மாதங்களில் நான்கு வாசல்களையும் சுற்றிவர எல்லாத் தரப்பாலும் முடியாது. இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை. ஆனால் நேரமும் வழக்கறிஞர் கட்டணமும் தில்லியில் ஓர் அலுவலகமும் வேண்டும்.

அதே ஆண்டில் ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழுவும் களமானது. பத்து இயக்குநர்களை வெளித்துறைகளிலிருந்து நியமிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. நீண்டகாலம் அது சடங்காகவே இருந்தது. 2018 நவம்பர் 19 அன்று அந்தக் குழு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கூடியது. வங்கிகள் வைத்திருக்க வேண்டிய கூடுதல் மூலதனத்தின் கடைசித் தவணைக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. 25 கோடி ரூபாய் வரையிலான சிறுதொழில் கடன்களை மறுசீரமைக்கும் யோசனை ஏற்கப்பட்டது. மூன்று வாரங்களில், டிசம்பர் 10 அன்று, தனிப்பட்ட காரணங்களைக் கூறி ஆளுநர் உர்ஜித் படேல் பதவி விலகினார். சுயாட்சி என்பது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டதைவிட, நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்களைப் பொறுத்தது என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

ஆயினும், இவை எல்லாவற்றையும்விடத் தீவிரமாக ஆராயப்பட வேண்டியது 2020-இல் நடந்தது. தனியார் வங்கிகளின் உரிமம் பற்றி ஆராய அந்த ஆண்டு ஜூனில் ஐந்து பேர் கொண்ட உள் செயற்குழு ஒன்றை ரிசர்வ் வங்கி அமைத்தது. நவம்பர் 20 அன்று வெளியான அதன் அறிக்கை, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, கண்காணிப்பைப் பலப்படுத்திய பிறகு, பெருந்தொழில் குழுமங்கள் வங்கி தொடங்க அனுமதிக்கலாம் என்றது. பொதுமக்களின் சேமிப்பைத் தொழிலதிபர் தன் சொந்த நிறுவனங்களுக்கே கடனாகத் திருப்பிவிடும் ஆபத்து, 1969 ஜூலை 19-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அரசுகள் மாறியும் நீண்டகாலம் நீடித்த தயக்கம் இது.

வியப்பு அந்தப் பரிந்துரையில் அல்ல. அறிக்கையிலேயே பதிவான ஒரு வரியில் இருக்கிறது. குழு கலந்தாலோசித்த நிபுணர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் பெருந்தொழில் குழுமங்களை அனுமதிக்கக்கூடாது என்றே கூறியிருந்தார்கள். அப்படியிருந்தும் பரிந்துரை எதிர்த்திசையில் அமைந்தது. ஏன்? முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனும் முன்னாள் துணை ஆளுநர் விரால் ஆச்சார்யாவும் இந்தக் கேள்வியைப் பகிரங்கமாக எழுப்பினார்கள். அறிக்கையில் அதற்கு நிறைவான விடை இல்லை. பெரும்பான்மைக் கருத்து தோற்றதற்கு எதிராக வாதிட முடிந்ததே, அந்த ஒரு வரி அறிக்கையில் அச்சிடப்பட்டதால்தான். அச்சிடப்படாமல் போன வரிகள் மற்றக் குழுக்களில் எத்தனையோ?

2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி முடிவை அறிவித்தது. 33 பரிந்துரைகளில் 21 ஏற்கப்பட்டன. நிறுவனர் 15 ஆண்டுகளுக்குப் பிறகு வைத்திருக்கக்கூடிய பங்கின் உச்சவரம்பு 15-லிருந்து 26 சதவீதமாக உயர்ந்தது. பெருந்தொழில் குழுமங்கள் பற்றிய பரிந்துரை ஏற்கப்படவில்லை. நிராகரிக்கப்படவும் இல்லை. மீதமுள்ளவை பரிசீலனையில் உள்ளன என்று ஒரே வாக்கியத்தில் முடிந்தது. தில்லியின் நிர்வாக மொழியில் பரிசீலனை என்பது, காலம் கனியும்வரை அலமாரியில் வைப்பது என்று பொருள்படும்.

வைப்புத்தொகை செலுத்துவோரின் குரல் இந்த வரலாற்றில் எங்கே ஒலிக்கிறது? பெரும்பாலும் விபத்துக்குப் பிறகு. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பின்னரே வைப்புத்தொகைக் காப்பீடு பிறந்தது. 1962 முதல் அமலுக்கு வந்தபோது காப்பீட்டு அளவு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம் ஆன அந்த வரம்பு அடுத்த 27 ஆண்டுகள் அசையவே இல்லை. விலைவாசி எத்தனை மடங்கு ஏறியது என்பதை எந்த இல்லத்தரசியும் சொல்லிவிடுவார். 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி முடங்கி, கணக்கிலிருந்து முதலில் ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்ற நிலை வந்தது. மும்பை வீதிகளில் முதியவர்கள் பதாகையோடு நின்றார்கள். அதன் பின்னரே, 2020 பிப்ரவரியில் வரம்பு ஐந்து லட்சமாயிற்று. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது இங்கே நகைச்சுவையல்ல.

விபத்துக்கு முன்பே மக்கள் குரல் வென்றதும் உண்டு. நிதித் தீர்வு மற்றும் வைப்புத்தொகைக் காப்பீட்டு மசோதா 2017 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலானது. வங்கி நொடியும் நிலை வந்தால் அதன் கடன் பொறுப்புகளை ரத்து செய்யவோ பங்குகளாக மாற்றவோ வழிசெய்யும் ஓர் உட்பிரிவு அதில் இருந்தது. காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட வைப்புத்தொகையும் அதில் சிக்கும் என்ற அச்சம் பரவியது. மசோதா கூட்டுக்குழுவின் ஆய்வில் இருந்த மாதங்களில் ஓய்வூதியர்கள், வங்கி ஊழியர் சங்கங்கள், சாதாரண வாடிக்கையாளர்கள் என்று எதிர்ப்பு வலுத்தது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் அதில் முன்னின்றது. 2018 ஆகஸ்டில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. பரவிய வதந்திகளில் மிகைப்படுத்தல் இருந்தது உண்மை. ஆனால் மசோதாவை எழுதியபோது வைப்புத்தொகையாளர்களிடம் விளக்கியிருந்தால் வதந்திக்கு வேலையே இருந்திருக்காது.

அதற்கு முன் 2012 டிசம்பரில் நடந்ததையும் நினைவுகூரலாம். வங்கிச் சட்டங்கள் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தபோது, வங்கிகள் சரக்கு முன்பேர வர்த்தகத்தில் இறங்க அனுமதிக்கும் ஒரு பிரிவு அதில் சேர்ந்திருந்தது. நிலைக்குழு ஆராய்ந்த வடிவில் அந்தப் பிரிவு இல்லை. குழுவின் கண்ணில் படாத ஒன்றை அவை எப்படி நிறைவேற்றும் என்று எதிர்க்கட்சி எழுந்தது. நிதியமைச்சர் ப. சிதம்பரம் அந்தப் பிரிவைக் கைவிட்டார், மசோதா நிறைவேறியது. அவ்வப்போதேனும் அவை விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, சட்டத்தில் நுழைய முயன்றதால்தான் அது பிடிபட்டது. சுற்றறிக்கையாக வந்திருந்தால்?

தமிழக வாசகர்களுக்கு நன்கு பழக்கமான நிகழ்வு 2025-இல் நடந்த நகைக்கடன் விவகாரம். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று வெளியான வரைவு, நுகர்வுத் தேவைக்கான நகைக்கடனை நகை மதிப்பில் 75 சதவீதத்துக்குள் நிறுத்தியது. முதிர்வு வரையிலான வட்டியையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தது. நகை யாருடையது என்பதற்கு ஆதாரம் கேட்டது. பாட்டியின் சங்கிலிக்கு ரசீது எங்கே போய்த் தேடுவது? குறுவைக்கு உரம் வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் கழுத்திலிருந்து இறங்கும் நகை அது. தமிழகத்தில் விவசாயிகள் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. முதல்வர் மு.க. ஸ்டாலின் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு மே மாத இறுதியில் கடிதம் எழுதினார். மே 30 அன்று நிதியமைச்சகம், இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு விலக்களிக்க வேண்டும் என்று தன் யோசனையை வெளிப்படையாகவே அறிவித்தது. ஜூன் 6 அன்று இறுதி விதி வந்தது. இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். ரசீது இல்லாவிட்டால் கடன் பெறுபவரின் உறுதிமொழி போதும் என்று ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா விளக்கினார்.

இரண்டு மாதங்களுக்குள் வரைவு மாறியது. இங்கும் செல்வாக்கு வேலை செய்தது. ஆனால் வெளிச்சத்தில் செய்தது. முதல்வரின் கடிதத்தை யாரும் படிக்கலாம். அமைச்சகத்தின் யோசனையை யாரும் படிக்கலாம். இறுதி விதியோடு ஒப்பிட்டு, எது ஏற்கப்பட்டது எது விடப்பட்டது என்று கணக்கிடலாம். இதே மத்திய அரசு பெருந்திட்டக் கடன் வரைவு குறித்துக் கருத்துச் சொன்னபோது இந்த வெளிச்சம் இல்லை. நகைக்கடன் வாங்குபவர் ஆயிரங்களில் கேட்டது ஊருக்குத் தெரிந்தது. பெருநிறுவனம் கோடிகளில் கேட்டது கோப்புக்குள் இருந்தது.

ரிசர்வ் வங்கி எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2025 மே 7 அன்று, விதிகளை உருவாக்கும் முறைக்கே ஒரு நெறிமுறையை அது வெளியிட்டது. வரைவு வெளியிட வேண்டும், கருத்துக்குக் குறைந்தது 21 நாள் தர வேண்டும், வந்த கருத்துகளுக்குப் பொதுவான பதிலை வெளியிட வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். விதிகளை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய, 2025 அக்டோபரில் ஒரு பிரிவும், அதற்கு ஆலோசனை கூற வெளி நிபுணர் குழு ஒன்றும் அமைந்தன. வரவேற்க வேண்டியவை. ஆனால் அந்த ஆலோசனைக் குழுவின் தலைவர் பாரத ஸ்டேட் வங்கியின் நிர்வாக இயக்குநர். உறுப்பினர்களும் வங்கி, நிதி நிறுவன அனுபவம் உள்ளவர்களே. ஆலோசனை கூறும் தகுதி அவர்களுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. வைப்புத்தொகையாளருக்கும் சிறு கடன்தாரருக்கும் அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை என்பதிலும் ஐயமில்லை. 21 நாள் என்பது வழக்கறிஞர் குழு வைத்திருக்கும் வங்கிக்குப் போதும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியாகும் நாற்பது பக்க வரைவைப் படித்துப் புரிந்துகொண்டு எழுத ஒரத்தநாட்டு விவசாயிக்கு அது போதுமா?

பிற நாடுகளில் சில, யார் யாருக்காக வாதாடுகிறார்கள் என்பதைப் பதிவேட்டில் எழுத வைக்கின்றன. வால்மார்ட் நிறுவனம் அமெரிக்காவில் அளித்த அத்தகைய கணக்கில் இந்தியாவும் இடம்பெற்றிருந்தது தெரியவந்து, 2012 டிசம்பரில் நாடாளுமன்றம் முடங்கியது. இந்தியாவில் நடந்ததை அறிய அமெரிக்கப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. இந்தியாவிலும் அத்தகைய வெளிப்படுத்தலைக் கட்டாயமாக்க 2013-இல் பிஜு ஜனதா தளத்தின் காளிகேஷ் சிங் தேவ் கொண்டுவந்த தனிநபர் மசோதா, பெரும்பாலான தனிநபர் மசோதாக்களைப் போலவே சட்டமாகாமல் போயிற்று. எந்தக் கட்சியின் அரசும் அதைக் கையிலெடுக்கவில்லை.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் உண்டு. வரைவுகளுக்கு வரும் கருத்துகளை, அனுப்பியவர் பெயரோடு முழுமையாக வெளியிட ரிசர்வ் வங்கிக்குத் தடையேதும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. நிறுவனங்களின் கருத்தும் அதற்கு மறுகருத்தும் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. அதனால் தொலைத்தொடர்புத் துறை நின்றுவிடவில்லை. வங்கிகளுடனான உறவு ரகசியம் காக்க வேண்டிய உறவு என்ற ரிசர்வ் வங்கியின் வாதத்தை, தகவல் உரிமைச் சட்ட வழக்கில் 2015 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுநலன் காக்கவே ரிசர்வ் வங்கி இருக்கிறது, தனித்தனி வங்கிகளின் நலன் காக்க அல்ல என்று அப்போது நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 35ஏ உத்தரவுகளில் முக்கியமானவற்றை நிதித் துறை நிலைக்குழு ஆண்டுக்கு ஒருமுறையேனும் வரவழைத்து ஆராயலாம். மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் கொண்ட குழு அது. மின் துறைக்காக ஒரு நிலைக்குழு பேச முடிந்தபோது, சேமிப்பாளர்களுக்காக இன்னொரு நிலைக்குழு பேசுவதற்கு என்ன தடை?

இவற்றையெல்லாம் இப்போது வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வளர்ந்த பாரதத்துக்கான வங்கித் துறை பற்றி ஆராய உயர்நிலைக் குழு ஒன்று அமைக்கப்படும் என்று 2026 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அறிவித்தார். நரசிம்மம் குழுவின் 1991, 1998 அறிக்கைகள் அடுத்து வந்த தலைமுறையின் வங்கிக் கொள்கையையே தீர்மானித்தன. புதிய குழுவின் அறிக்கையும் அத்தகைய எடை உடையதாக இருக்கும். நிதி நிலைத்தன்மை, அனைவருக்கும் வங்கிச் சேவை, வாடிக்கையாளர் பாதுகாப்பு ஆகியவற்றைக் காத்துக்கொண்டே சீர்திருத்தம் என்று உரையில் வாக்குறுதி உண்டு. அந்தக் குழுவைச் சந்திப்பவர்கள் யார், எந்தத் தேதியில் சந்தித்தார்கள், எழுத்துமூலம் என்ன கேட்டார்கள் என்ற பட்டியல் அறிக்கையின் பிற்சேர்க்கையாக நாடாளுமன்றத்தில் தாக்கலாக வேண்டும். பெருந்தொழில் குழுமங்களுக்கு வங்கி உரிமம் என்ற 2020 பரிந்துரை அந்த அறிக்கையில் மீண்டும் தலைகாட்டினால், அதை ஆதரித்த நிபுணர்கள் எத்தனை பேர், எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்ற வரியும் அதே பிற்சேர்க்கையில் இருந்தாக வேண்டும்.